மொய் நோட்டில் எந்த ஊர்? மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஒரு கல்யாண வழிகாட்டி

வேலைக்காகத் தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ வந்து, அறையெடுத்துத் தங்கி, நாலைந்து வருடத்தில் நல்ல நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இப்போது வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாற்றல் உத்தரவு பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வரும். சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தங்களும் அதே சமயத்தில்தான். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் இல்லை என்பதால் எல்லா வீட்டிலும் அதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். அதனால் ஒரு கையில் மாற்றல் உத்தரவு, மறு கையில் நாலு கல்யாணப் பத்திரிகை என்று நிற்கும் நிலை நிறையப் பேருக்கு வருகிறது.

எனக்கும் வந்தது. நான் கும்பகோணத்துப் பெண். வங்கி வேலை கிடைத்துத் தர்மபுரிக்கு வந்தேன். அங்கே இரண்டு வருடம், கிருஷ்ணகிரியில் மூன்று வருடம். மே முதல் வாரத்தில் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது; ஜூன் கடைசியில் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஐந்து நண்பர்களின் கல்யாணம். ஒன்றுக்குப் போக முடியவில்லை. ஒன்றில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். மற்ற மூன்றிலும் மனம் நிறைய இருந்தேன். அந்த ஏழெட்டு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காலண்டர்

உத்தரவு கைக்கு வந்த அன்றே தினசரிக் காலண்டரில் இருக்கும் முகூர்த்த நாள் பட்டியலைப் பாருங்கள். நண்பர்களின் கல்யாண நாட்களை மட்டும் குறித்தால் போதாது, எல்லா முகூர்த்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டிகள் முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் அன்றைக்கும் சீர்வரிசைக்கும் பந்தல் சாமானுக்கும் சமையல் பாத்திரத்துக்கும் போய்விடும். நான் தெரியாமல் ஒரு வளர்பிறை முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில் சாமான் ஏற்ற நினைத்தேன். வண்டிக்காரர், "அன்னிக்கு மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டேங்க, செவ்வாக்கிழம வெச்சுக்கலாங்களா?" என்றார். செவ்வாயன்று வீடு மாற அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் புதன்கிழமைக்குப் போயிற்று, அதற்காக ஒரு நாள் விடுப்பும் போயிற்று.

அடுத்தது, போகிற ஊரில் பால் காய்ச்சுவது. ஆனியிலும் ஆடியிலும் புது வீட்டுக்குக் குடிபோகப் பலர் விரும்புவதில்லை. வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரர்கள் "ஆவணி பிறக்கட்டும்" என்று சொல்லிவிடுவதுண்டு. வைகாசியிலேயே ஒரு நல்ல நாளில் போய், முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் சாமான் எப்போது போய்ச் சேர்ந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஒரு சனி ஞாயிறில் தூத்துக்குடி போய் இதை முடித்தேன். அந்த ஒரு வேலை முடிந்த பிறகுதான் கல்யாணங்களில் நிம்மதியாக உட்கார முடிந்தது.

மூன்றாவது, விடுப்பு. பொறுப்பை ஒப்படைக்கிற கடைசி வாரங்களில் விடுப்பு கேட்டால் மேலாளர் முகம் மாறுவது இயல்பு. அதனால் உத்தரவு வந்த அன்றே, "இந்த நாட்கள் எனக்கு வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசிக் கல்யாணத்துக்கும் நீங்கள் கிளம்புவதற்கும் நடுவில் இரண்டு நாளாவது இருக்கட்டும்.

கிளம்பப் போவதை மேடையில் சொல்லாதீர்கள்

நான் செய்த தவறு இதுதான். முதலில் வந்தது என் அறைத்தோழியின் கல்யாணம், காவேரிப்பட்டணத்தில். மாற்றல் வந்ததை அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கல்யாண வேலையில் இருக்கிறவளை ஏன் கலக்க வேண்டும் என்று நினைத்தேன். வரவேற்பு அன்று மேடையேறி, பக்கத்தில் நின்று போட்டோவுக்குப் பார்க்கிற நேரத்தில், அவளாகவே "அடுத்த மாசம் நம்ம ரூமுக்கு இவரக் கூட்டிட்டு வரேன்டி" என்றாள். அடுத்த மாதம் நான் இங்கே இருக்கமாட்டேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் கண் கலங்கியதுதான் அந்தப் படத்தில் இருக்கிறது. அவளுடைய ஆல்பத்தில் அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது.

ஆகவே, கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே நண்பரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். குழுவில் எல்லோருக்கும் சேர்த்துச் செய்தி போடுவது இதற்குச் சரிவராது. எப்போது கிளம்புகிறீர்கள், கல்யாணத்தில் எந்த நேரத்துக்கு இருப்பீர்கள், எதற்கு இருக்க முடியாது என்ற மூன்றையும் அதே பேச்சில் சொல்லிவிட வேண்டும். வர முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்ற வார்த்தை கல்யாண வீட்டில் பெரிய தொல்லை. அவர்கள் இலைக் கணக்கும் அறைக் கணக்கும் போட வேண்டியவர்கள்.

ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நான் "கண்டிப்பா வரேன்" என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குக் கணக்கு ஒப்படைப்பு முடியவே இரவு ஒன்பது ஆகிவிட்டது. எனக்காக மண்டபத்தில் ஓர் அறையில் இடம் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பதி மறுவீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா அம்மாதான் இருந்தார்கள். அதனாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சாப்பாடு போட்டார்கள், பேசிக்கொண்டிருந்தோம், மொய்யை அங்கேயே வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தவறவிட்ட கல்யாணத்துக்குப் பத்து நாளைக்குள் வீட்டுக்கு நேரில் போய்விடுங்கள். போனில் மன்னிப்புக் கேட்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் அவ்வளவாக எடுபடாது. வாசல்படி ஏறி வந்துவிட்டால் எதையும் மனதில் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

பத்திரிகையை முழுவதும் படியுங்கள்

வெளியூரிலிருந்து வந்த நமக்கு இங்கே தெரியாதது நிறைய. முதலில் ஊர்ப் பெயர். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும். வட்டத்தின் பெயரையும் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் எல்லாமே தர்மபுரி மாவட்டம். வயதானவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே வழி சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். "ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள்" என்று போட்டிருந்தால் ஆறே காலுக்கே தாலி கட்டி முடித்திருக்கலாம். ஆறேகாலுக்குக் கிளம்பிப் போனால் பந்திக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளி பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. தெலுங்குக் கல்யாணமென்றால், மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை வைக்கிற நேரம்தான் முகூர்த்தம். நடுவில் திரை பிடித்திருப்பார்கள். தாலி கட்டும்போது போனால் போதும் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தால் முக்கியமானதைத் தவறவிடுவீர்கள். கிருஷ்ணகிரி நகரத்தில் இஸ்லாமிய நண்பர்கள் இருப்பார்கள். நிக்காஹ் ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து இன்னொரு நாள் என்று இருக்கும். எதற்கு அழைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிக்காஹ்வுக்கு இருக்க முடியாமல் போனாலும் வலீமாவுக்குப் போய் வரலாம்.

பஸ்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து சேலம் போகிற பஸ்கள் ஓசூருக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம். மதியமே கிளம்பிவிடுவது நல்லது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பக்கத்துக் கிராமக் கல்யாணங்களுக்கு அதுவே எனக்கு உதவியது. ஆனால் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். திரும்பும் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காட்டுப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு பைக்கில் போகவே கூடாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. வரவேற்பு முடிந்து நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தோடு, நண்பர்களோடு காரில் அந்த இறக்கத்தில் போவதை விட மண்டபத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள்.

மண்டபத்து வாசலில் மணமக்கள் பெயர் போட்ட பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். முகூர்த்த நாளில் ஒரே சாலையில் நாலு மண்டபத்திலும் கல்யாணம் நடக்கும். வேறொருவர் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுத் திரும்பி வந்த நண்பர் எனக்குத் தெரியும். பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

முந்தின நாள் மதியமே போய்விடுங்கள்

நான் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் வரிசையில் நின்று, மேடையேறி, போட்டோ எடுத்து, கீழே இறங்க நமக்குக் கிடைப்பது அரை நிமிடம். முகூர்த்தத்தில் அதுவும் கிடையாது. ஊரை விட்டே போகப் போகிறவருக்கு அரை நிமிடம் எப்படிப் போதும்?

முந்தின நாள் மதியம் இரண்டு மூன்று மணிக்கு வீட்டிலோ மண்டபத்திலோ இருங்கள். அப்போதுதான் வேலை நடக்கும். தாம்பூலப் பை போட ஆள் தேவைப்படும். தேங்காயை ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் வெற்றிலை பாக்கு வைக்க, ஒருவர் பையைக் கட்ட, ஐந்நூறு ஆயிரம் பை என்று போய்க்கொண்டே இருக்கும். சாமந்தி மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பூக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு அறை காட்ட வேண்டும். வாசலில் சந்தனம், பன்னீர், கற்கண்டுத் தட்டு வைக்க வேண்டும். இதில் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டால் "நீ உக்காரு கண்ணு, விருந்தாளி" என்பார்கள். கேட்காமல் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டால் பத்து நிமிடத்தில் உங்களையே வேலைக்கு ஏவ ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் நீங்கள் அந்த வீட்டு ஆள்.

அந்த நேரத்தில்தான் மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ கொஞ்சம் சும்மா இருப்பார்கள். மருதாணி காய்ந்துகொண்டிருக்கும், அலங்காரம் செய்ய வருகிறவர் இன்னும் வந்திருக்கமாட்டார். பாலக்கோட்டில் நடந்த கல்யாணத்தில், என்னோடு வேலை செய்த பெண்ணுக்கு அப்படி அரை மணி நேரம் கிடைத்தது. இரண்டு கையிலும் மருதாணி வைத்திருந்தாள். அவளுக்கு நான் டீ ஊட்டிவிட்டேன். புது வீட்டில் எப்படி இருக்குமோ என்று அவளும், புது ஊரில் எப்படி இருக்குமோ என்று நானும் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேறு இடத்துக்குப் போகிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. எனக்காவது மூன்று வருடத்தில் அடுத்த மாற்றல் வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் போவது அப்படியான இடமில்லை. கிளம்புகிறவர் நாம் மட்டும்தான் என்ற நினைப்பு இந்த நாட்களில் நமக்கு வந்துவிடும். உங்கள் தோழியும் ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள்.

ஆண் நண்பர்கள் பிளக்ஸ் அடிப்பதில்தான் முதலில் இறங்குவார்கள். அனுமதி இல்லாமல் சாலையோரத்தில் பேனர் கட்டுவது குற்றம், ஆபத்தும் கூட. மண்டபத்து வளாகத்துக்குள் ஒன்று வைத்தால் போதும். மிச்சப் பணத்தில் முந்தின இரவு வேலை செய்கிற பந்தல் ஆட்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் டீ, பன் வாங்கிக் கொடுக்கலாம். அந்த வீட்டுப் பெரியவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

மொய்

ஐந்து கல்யாணமென்றால் முதலில் மொத்தம் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு மாறும் மாதத்தில் முன்பணம், வண்டி வாடகை எல்லாம் இருக்கும். கடன் வாங்கி மொய் எழுத வேண்டாம். 501 எழுதினாலும் 1001 எழுதினாலும் ஒற்றை ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு பரிசு வாங்கினாலும் மொய்யைத் தனியாக உங்கள் பெயரில் எழுதுங்கள். பரிசு நண்பருக்குப் போகிறது. மொய் நோட்டு அவர் பெற்றோருடையது. நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் எடுத்துப் பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

நோட்டில் எழுதுகிறவர் முதலில் கேட்பது "எந்த ஊருங்க?" என்றுதான். மாற்றலாகிப் போகிறவருக்கு இது சுலபமான கேள்வி இல்லை. முதல் கல்யாணத்தில் நான் கும்பகோணம் என்றேன். அதுதானே என் ஊர். ஒரு வாரம் கழித்துத் தோழியின் அப்பா நோட்டைப் படித்தபோது, கும்பகோணத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று வீடு முழுக்கக் கேட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டு ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார்களாம். இரண்டாவது கல்யாணத்தில் தூத்துக்குடி என்றேன். அது இன்னும் மோசம், அங்கே நான் ஒரு நாள் கூடக் குடியிருக்கவில்லை.

சரியான முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாலக்கோட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டிருந்த பெரியவர். "இந்த வீட்டுக்கு நீ எந்த ஊர்லருந்து தெரிஞ்ச பொண்ணோ அந்த ஊர எழுதும்மா" என்றார். அதன்படி, மணமக்கள் வீட்டார் உங்களை எந்த ஊர்க்காரராக அறிவார்களோ அந்த ஊர், அதன் கீழே வேலை செய்த இடம், அதற்குப் பக்கத்தில் "மணமகள் தோழி" அல்லது "மணமகன் நண்பர்" என்று எழுதச் சொல்லுங்கள். சொந்த ஊரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். போன் எண்ணும் இருக்கட்டும். கவரில் போடுவதானால் உள்ளே ஒரு சீட்டில் இதையெல்லாம் எழுதி வைத்துவிடுங்கள். கூட்டத்தில் சத்தமாகச் சொன்னால் பாதிதான் காதில் விழும். நீங்கள் எழுதிய ஐந்து மொய்களையும் உங்கள் நோட்டிலும் குறித்து, ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

பரிசும் பழைய சாமானும் வேறு வேறு

பாத்திரக் கடையில் பித்தளையோ எவர்சில்வரோ வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். நான் ஐந்து வீட்டுக்கும் ஒரே மாதிரி சின்னப் பித்தளைச் செம்பு வாங்கி, மணமக்கள் பெயரும் தேதியும், அடியில் "கிருஷ்ணகிரித் தோழி" என்றும் வெட்டச் சொன்னேன். பெரிய விலை இல்லை. ஆனால் வீட்டில் அன்றாடம் கைபடுகிற பொருள்.

நீங்கள் கழிக்கப் போகிற கட்டில், மிக்ஸி, கிரைண்டர் இதையெல்லாம் தனிக்குடித்தனம் போகிற நண்பர்களுக்குக் கொடுக்கத் தோன்றும். கொடுக்கலாம், நல்ல காரியம்தான். ஆனால் அதைக் கல்யாணப் பரிசாக நினைக்கக் கூடாது. நண்பரைத் தனியாகக் கேளுங்கள், மாமனார் மாமியார் எதிரில் கேட்காதீர்கள். சீராக வந்த பொருளே அவர்களிடம் இரண்டு இருக்கலாம். பழுதானதைக் கொடுக்கவே வேண்டாம்.

கேஸ் இணைப்பை மட்டும் யாருக்கும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது. ஏதாவது விபத்து என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் வைப்புத்தொகையைத் திருப்பித் தருவார்கள். இணைப்பை மாற்றிக்கொள்ளும் சீட்டும் கிடைக்கும். போகிற ஊரில் அதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஓர் உதவி உண்டு, நிறையப் பேர் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009 படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை நேரம் உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட நண்பர்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்களைச் சாட்சியாக நினைத்திருந்தால், நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று நீங்களே கேளுங்கள். அடையாள அட்டை அசலும் நகலும் கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் கட்டிவிடாதீர்கள். நான் ஒரு கையெழுத்துக்காகக் கட்டிய மூன்று பெட்டிகளைப் பிரித்தேன்.

அடுப்பைக் கடைசியாகக் கட்டுங்கள்

புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைக்காமல் கிளம்பினால் மனதில் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு நாள் அழைக்க நேரம் இல்லையென்றால் எல்லோரையும் ஒரே நாளில் அழையுங்கள். வீடு பாதி காலியாக இருந்தாலும் பரவாயில்லை. அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம், தட்டுகள், பாய் இவை மட்டும் கடைசி வரை வெளியே இருக்கட்டும்.

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் மூன்று தம்பதிகள் வந்தார்கள். என்ன சமைப்பது என்று கேட்டபோது வீட்டுக்கார அம்மா, "கல்யாண வீட்டுல நாலு வாரமா இனிப்பும் சாம்பாரும் தின்ன புள்ளைங்க. களி கிண்டு" என்றார். இந்தப் பக்கத்து ராகிக் களியை அதுவரை நான் சாப்பிட்டிருக்கிறேனே தவிரச் செய்ததில்லை. நொய்யரிசியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, கொதிக்கும்போதே ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கட்டையைச் செருகி மூடி, அடங்கின தீயில் வெந்த பிறகு கிண்ட வேண்டும். மாவைக் கொட்டியதும் கிண்டினால் கட்டி தட்டிவிடும். கிண்டுவதற்குக் கை பலம் வேண்டும். வந்திருந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் பாத்திரத்தைக் காலில் அணைத்துப் பிடித்துக் கிண்டிக் கொடுத்தார். நாட்டுக்கோழிக் குழம்பும் கீரைக் கடைசலும் வைத்தோம். இலை போடவில்லை. தட்டில் களி உருண்டை, நடுவில் குழி, அதில் குழம்பு.

அனுப்பும்போது பெண்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ரவிக்கைத் துணி கொடுங்கள். சீசனாக இருந்தால் மாம்பழமும். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராவைக் கொடுக்காமல் செந்தூராவோ மல்கோவாவோ பார்த்து வாங்குங்கள். போகிற ஊர் அலுவலகத்துக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பழுத்ததை வைக்கோல் பரப்பி அடுக்கினால் இரண்டு மூன்று நாள் பயணம் தாங்கும். கிருஷ்ணகிரி மாம்பழம் என்று சொல்லிக் கொடுத்தால் முதல் நாளே நாலு பேர் பேச வருவார்கள்.

கிளம்பும் வாரம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம் என்றாலும் ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரி, ஓசூர், ஜோலார்பேட்டை இவற்றில் எது வசதியோ அங்கிருந்து டிக்கெட் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றம் இரண்டையும் போன பிறகு செய்யலாம். அதற்குள் கல்யாணத்தை ஏன் தவறவிட வேண்டும்?

நண்பர்களின் பெற்றோர் வீடுகளுக்கு ஒரு முறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். புது ஊரில் வீடு நிலைத்ததும் முகவரியை எழுதி ஐந்து வீட்டுக்கும் அனுப்புங்கள். போனில் செய்தி அனுப்பினாலும் ஒரு தபால் அட்டையும் போடுங்கள். பெரியவர்கள் அதை மொய் நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நான் அனுப்பியதைக் காவேரிப்பட்டணத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

அவர்கள் உங்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். எனக்கு அடுத்த தை மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். காவேரிப்பட்டணத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வந்து இறங்கினார்கள். அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அறை மாலைக்குத்தான் சொல்லியிருந்தோம். அதனால், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே அறை சொல்லி வையுங்கள், வெந்நீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோழியின் அம்மா ஒரு தூக்கு நிறையப் பிதுக்கம்பருப்பு கொண்டுவந்திருந்தார், தைப் பனியில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கியது. குளித்துவிட்டு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாம்பூலப் பை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.